இரண்டு லட்சம் ஓடிய காரை வாங்கும் முன்

நாமக்கல்லில் லாரியின் கிலோமீட்டரைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. ஐந்து லட்சம் ஓடிய வண்டி இன்றும் லோடு ஏற்றிப் போகிறது. அதே ஆள் கார் வாங்கப் போனால் மட்டும் மீட்டரில் அறுபதாயிரம் தேடுகிறார். பன்னிரண்டு வயதுக் காரில் அறுபதாயிரம் காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மீட்டரைக் குறைத்திருப்பார்கள், இல்லையேல் வண்டி ஷெட்டிலேயே நின்று ரப்பரெல்லாம் காய்ந்திருக்கும்.

முதலில் மாடல். சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் கைப்பழக்கமுள்ள மெக்கானிக்கும் உதிரி பாகமும் சுலபமாகக் கிடைப்பது டிசைருக்கும் எட்டியோஸுக்கும்தான். 2008ல் வந்த டிசைரின் டீசல் இன்ஜின் 1248 சிசி, ஃபியட் வடிவமைத்தது. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். எட்டியோஸ் 2010 கடைசியில் வந்து 2020ல் நின்றது. இரண்டும் டாக்சியாக நிறைய ஓடியவை. டி-போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டி என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விலையில் கழித்துக் கேளுங்கள். டெல்லியில் பழைய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அந்த வண்டிகள் மலிவாக இங்கே வருகின்றன. தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டுச் சாலை வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். 'ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நானே பண்ணிப் பாக்கறேனுங்க' என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், 'ஏனுங்ணா, காலைலயே எங்காச்சும் போயிட்டு வந்தீங்களா?' என்று கேட்டுவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். ஆறிய இன்ஜின் முதல் சில விநாடியில் உண்மையைச் சொல்லிவிடும். செயின் தளர்ந்திருந்தால் கரகரவென்று சத்தம் வரும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வெள்ளைப்புகை வந்தால் கூலண்ட் உள்ளே இறங்குகிறதோ என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டரை நம்பாமல் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட்டின் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ன் 23வது வாரம் செய்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் சேற்றுக் கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015, 2023 சென்னை வெள்ளங்களை மறந்துவிட வேண்டாம்.

இனி, இந்தச் சமவெளியில் கார்களைக் கொல்லும் விஷயத்துக்கு வருகிறேன்: போர் தண்ணீர். குளியலறை ஹீட்டர் ராடில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். வழியில் சூடானதும் பம்ப் செட்டில் ஒரு குடம் பிடித்து ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து உள்விளிம்பை விரலால் துடையுங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் நல்லது. செம்மண் கரைத்த மாதிரி வந்தால் ரேடியேட்டர் செலவைக் கணக்கில் வையுங்கள். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்க என்.எச். 44 மட்டும் போதாது. நேர் ரோட்டில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். சேலத்துக்காரர் ஏற்காடு அடிவாரத்துக்கும், நாமக்கல்காரர் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளிக்கும் போகலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டியதில்லை, நான்கைந்து போதும். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் இரையும், வேகம் ஏறாது. இறங்கி நிறுத்தி, ஏசி போட்டபடி ஐந்து நிமிடம் விடுங்கள். ஃபேன் ஓட வேண்டும், சூட்டு எச்சரிக்கை வரக்கூடாது.

வாங்கிய வாரமே ஆயில், எல்லா ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், பெல்ட் மாற்றிவிடுங்கள். பழையவர் 'போன மாசம்தான் மாத்தினேன்' என்பார், பில் இல்லாவிட்டால் கணக்கில் எடுக்காதீர்கள். கூலண்ட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பெட்ரோல் வண்டி என்றால் எரிபொருள் ஹோஸ்களையும் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. கோழிப் பண்ணை, சோளக் களம் பக்கம் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகக் காகிதம். படிவம் 29, 30ல் கையெழுத்து, கடன் இருந்தால் படிவம் 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளைம் போனஸ் பழைய உரிமையாளருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. 15 ஆண்டு நெருங்கிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் பசுமை வரியும் விலையில் கழிய வேண்டும். பேசிய தொகையில் ஒரு பகுதியை, ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறும்வரை கையிலேயே வைத்திருங்கள்.