லாபிஸ் வெந்நீர் எந்த ஊர்த் தண்ணீர்?

நம்பிக்கை: தரையிலிருந்து வெந்நீர் வந்தால் அடியில் எரிமலை இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 24ஆம் தேதி காலையில் மலேசியாவின் சிகாமட் பக்கம் 4.1 அளவில் நிலம் குலுங்கியது. அதே சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கு அருகே, கம்போங் ஆயர் பானாஸ் (மலாயில் ‘வெந்நீர்க் கிராமம்’) என்று பெயரே வாங்கிவிட்ட ஊரில் வெந்நீர் ஊறுகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டால் எரிமலை நினைவு வரத்தான் செய்யும். போதாக்குறைக்கு, சிகாமட்டில் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையும் உண்டு. ஆனால் அது உறைந்து ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் சூடு ஆறியதும் அந்தக் காலத்திலேயே. தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை.

பிறகு சூடு ஏது? பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். கிரானைட் பாறையில் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து இன்னும் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கும். ஆழம் வரை இறங்கிய தண்ணீர், பாறைப் பிளவு வழியே ஆறுவதற்குள் மேலே வந்துவிட்டால் அதுதான் வெந்நீர் ஊற்று. அழுகிய முட்டை வாடையும் எரிமலைக்குச் சாட்சியாகாது. நீரில் கரைந்த சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவே அந்த வாடையை உண்டாக்கிவிடும்.

நம்பிக்கை: மழை இல்லாவிட்டாலும் ஊறுகிறதே, அது பூமியே சுரக்கும் நீர்.

இதைப் பாமர நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. வெந்நீரில் பெரும்பகுதி மாக்மா என்ற பாறைக் குழம்பிலிருந்து புதிதாகப் பிறந்த நீர் என்று புவியியலாளர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். அதை மாற்றியவர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் ஹார்மன் கிரெய்க்.

சுமார் ஐந்நூறு நீர் மூலக்கூறுகளில் ஒன்றில் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் இருக்கும். மேகம் நகரும்போது கனமானது முந்தி விழுந்துவிடும். எனவே கடலோர மழையைவிட உள்நாட்டு மழையும், அடிவாரத்து மழையைவிட மலை உச்சி மழையும் இலேசாக இருக்கும். கன ஹைட்ரஜனான டியூட்டீரியமும் இப்படியே குறையும். ஆக்சிஜன்-18இன் மாற்றத்தைப் போல டியூட்டீரியத்தின் மாற்றம் எட்டு மடங்கு என்ற கணக்கில், உலகெங்கும் மழையும் ஆறும் ஒரே கோட்டில் விழுவதைக் கிரெய்க் 1961இல் காட்டினார்.

இரண்டு ஆண்டு கழித்து அவர் பல நாட்டு வெந்நீர்ப் பகுதிகளை ஒப்பிட்டார். அமெரிக்கா, நியூசிலாந்து, இத்தாலி, ஐஸ்லாந்து என எங்கு எடுத்தாலும் வெந்நீரின் டியூட்டீரியம் அந்தந்த ஊர் மழையோடு ஒத்துப்போனது. மாக்மா தந்த நீர் என்றால் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே எண் வந்திருக்க வேண்டாமா? ஆக்சிஜன் மட்டும் சில இடங்களில் கனத்திருந்தது. கொதிக்கும் நீர் பாறையோடு ஆக்சிஜனை மாற்றிக்கொள்கிறது. பாறையில் ஹைட்ரஜன் சொற்பம் என்பதால் டியூட்டீரியம் பிறந்த ஊரை மறக்காமல் வருகிறது. சுமத்திரா போன்ற எரிமலை வரிசைகளில் மாக்மா நீரும் ஓரளவு கலப்பதுண்டு. மேற்கு மலேசிய ஊற்றுகள் பற்றி 2015இல் வந்த ஆய்வுக் கட்டுரையோ ‘எரிமலை சாராதவை’ என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. இராவணன் தாய்க்காகத் தரையில் குத்தியதால் உண்டானவை என்று சொல்லப்படும் திருகோணமலைக் கன்னியா கிணறுகளையும் சேர்த்து, இலங்கையின் வெந்நீரும் மழைநீர்தான் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

நம்பிக்கை: மழைநீர் என்றால் போன வருஷத்து மழை.

அவசரம் வேண்டாம். இதற்கு டிரிட்டியம் இருக்கிறது. 12.3 ஆண்டில் பாதியாகக் குறையும் ஹைட்ரஜன் அது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் உலக மழையில் பெருகியது. டிரிட்டியம் அறவே இல்லாத நீர் அந்தச் சோதனைகளுக்கு முன் பெய்ததாக இருக்கும். நம் பூமத்திய ரேகை மழையில் டிரிட்டியம் முதலிலிருந்தே குறைவு என்பதால் நுட்பமான கருவி வேண்டும்.

நம்பிக்கை: ஐசோடோப் என்றாலே கதிர்வீச்சு.

ஐசோடோப் என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகை. அவற்றில் டிரிட்டியம் கதிர்வீசும், டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18உம் வீசாது. இரண்டும் நாம் குடிக்கும் ஒவ்வொரு குவளையிலும் இருக்கின்றன.

இனி, விஷயம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம். ‘ஐசோடோப் பார்த்தார்கள், மழைநீர்தான், ஆகவே எரிமலை இல்லை’ என்பது தவறான வாதம். கிரெய்க் பார்த்த இடங்களில் பல எரிமலைப் பகுதிகளே. அங்கும் மழைநீர்தான் வந்தது. டியூட்டீரியம் தண்ணீரின் ஊரைச் சொல்லுமே தவிர சூட்டின் ஊரைச் சொல்லாது. சூட்டைப் பற்றி விசாரிக்க ஹீலியத்திடம் போக வேண்டும். ஹீலியம்-3க்கும் ஹீலியம்-4க்கும் உள்ள விகிதம், பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகத்திலிருந்து வரும் வாயுவில் பொதுவாகக் காற்றில் உள்ளதைப் போல எட்டு மடங்கு அளவில் இருக்கும். யுரேனியமும் தோரியமும் ஹீலியம்-4ஐ விடாமல் உமிழும் கிரானைட்டில் அது காற்றில் உள்ளதில் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

மாதிரி எடுப்பதும் வேறு வேறு வேலை. டியூட்டீரியத்துக்கு ஒரு சின்னப் பாட்டில் நீர் போதும். விளிம்புவரை நிரப்பி, குமிழ் நிற்காமல் மூட வேண்டும். பாதி பாட்டில் வெந்நீரைக் காரில் வைத்துக் கொண்டுபோனால் ஆவியாகி விகிதமே மாறிவிடும். ஹீலியம் பிளாஸ்டிக் வழியாகவே கசிந்து போய்விடும். அதற்குச் செம்புக் குழாயில் நீரை ஓடவிட்டு, இரு முனைகளையும் இடுக்கியால் நசுக்கி அடைக்கிறார்கள்.