ஈஎஸ்ஐ பிடித்தம்: மில் வாசல் பேச்சும் உண்மையும்

“மாசாமாசம் புடிக்கறாங்க. இத்தனை வருசத்துல ஒரு ஊசி கூடப் போட்டதில்லைங்க. வேலையை விட்டா அந்தக் காசு திரும்பி வருமா?”

வராது. கோவையில் பீளமேட்டு மில்களிலும் கணபதி பட்டறைகளிலும் பலர் ஈஎஸ்ஐயை பிஎஃப் மாதிரி சேமிப்பு என்றே நினைக்கிறார்கள். இது காப்பீடு. நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்றால் சம்பளம் 15,600. அதில் தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், 117 ரூபாய். முதலாளி தன் கையிலிருந்து 3.25 சதவீதம், 507 ரூபாய் கட்ட வேண்டும். அந்த 507-ஐயும் கூலியில் கழிப்பது சட்டப்படி குற்றம். சம்பளச் சீட்டில் இந்த ஒரு வரியையாவது எல்லோரும் பார்க்க வேண்டும்.

“ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் பிரயோசனம்” என்பது அடுத்த நம்பிக்கை. அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். மஞ்சள் காமாலையில் பத்து நாள் படுத்தால் கூலி போச்சு என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நோய்க்கால உதவித்தொகை உண்டு: சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மீதி எட்டு நாளுக்கு, நாளுக்கு 420 வீதம் 3,360 ரூபாய். இரண்டு வருடப் பிடித்தத்தையும் தாண்டிவிடுகிறது! முந்தைய பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தெருமுனை டாக்டர் சீட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். படுத்த முதல் நாளே ஈஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் பணம் மறுக்கப்படலாம்.

வேலையில் அடிபட்டால் அந்த 78 நாள் கணக்கே கிடையாது. சேர்ந்த அன்றே கார்டிங் மெஷினில் கை மாட்டினாலும் கூலியில் 90 சதவீதம் உண்டு. சிகிச்சையும் முதல் நாளிலிருந்தே.

“ஈஎஸ்ஐ கார்டு எனக்கு மட்டும்தானே?” இல்லை. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், தொழிலாளியையே நம்பியிருக்கும் அம்மா அப்பா எல்லோரும் அதில் சேர்வார்கள். படிக்கும் மகனுக்கு 21 வயது வரை, மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் குடும்பத்தைப் பதிவு செய்தால் அங்கேயே வைத்தியம் பார்க்கலாம்.

சம்பளம் ஈஎஸ்ஐ வரம்பான 21,000-ஐத் தாண்டினால் அன்றே கார்டு செத்துவிடும் என்பதும் தவறு. நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும்வரை தொடரும்.

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் முதலில் வந்ததே கோவைக்குத்தான், 1955 ஜனவரி 23 அன்று. சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி இன்று மருத்துவக் கல்லூரியோடு நிற்கிறது. மில் தொழிலாளியின் காசில் வளர்ந்த அந்த இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாரும் கூசி நிற்கத் தேவையில்லை.

“முதலாளி பணம் கட்டலைன்னா எல்லாம் போச்சு” என்று சொல்வதையும் கேட்கிறேன். பலனைத் தந்துவிட்டு அவரிடம் வசூலிக்க ஈஎஸ்ஐ கார்ப்பரேஷனுக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. உங்கள் பெயரில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்பதைக் காப்பீட்டு எண்ணைப் போட்டு அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஏறவில்லை என்றால் சம்பளச் சீட்டோடு கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.