‘சூடு’ என்று நாம் சொல்லும் நோய்

எங்கள் மல்லசமுத்திரம் பக்கத்தில் ஆண்களுக்கு நீர்க்கடுப்பு கண்டால் ‘சூடு’ என்பார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள்; ஊறவைத்த வெந்தயத்தை விழுங்குவார்கள். ரிக் லாரி ஓட்டும் என் பெரியப்பாவும், “சூடுதான் கண்ணு, வேறொண்ணுமில்லை” என்று சொல்லியே இரண்டு ஆண்டுகள் வலியைப் பொறுத்துக்கொண்டார்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. விந்துத் திரவத்தின் ஒரு பகுதி இதில் சுரக்கிறது. வாலிபரிடம் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். முதுமையில் இது பருப்பது வேறு. அழற்சியோ இளைஞரையும் பிடிக்கும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் பகுப்பு (1999) இதனை நான்கு வகையாக்குகிறது.

திடீர் அழற்சியில் குளிர்காய்ச்சல் வரும், சிறுநீர் தடைபடும். பெரும்பாலும் குடலில் வாழும் எஷரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவே காரணம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்நிலையில் சுரப்பியை அழுத்தித் தேய்க்கலாகாது; கிருமி இரத்தத்தில் கலந்துவிடும்.

நாட்பட்ட கிருமி அழற்சி போய்ப் போய்த் திரும்பி வருவது. இதனைக் கண்டறிய மியர்ஸ், ஸ்டேமி என்னும் இருவர் 1968-ல் ஒரு சோதனை வகுத்தனர். முதலில் வரும் சிறுநீர், இடையில் வருவது, சுரப்பியை விரலால் அழுத்தியபின் கசியும் நீர், அதற்கடுத்த சிறுநீர் என நான்கு மாதிரிகள். கடைசி இரண்டில் கிருமி மிகுந்திருந்தால் சுரப்பியே அதன் இருப்பிடம். இன்று அழுத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டே போதும் என்கின்றனர். பல மருந்துகள் இச்சுரப்பிக்குள் எளிதில் நுழைவதில்லை. கொழுப்பில் கரையக்கூடியவையே நன்கு ஊடுருவும். ஆகவேதான் ஆன்டிபயாட்டிக் நான்கு முதல் ஆறு வாரம் வரை தேவைப்படுகிறது. பெரியப்பாவோ கடையில் நான்கு மாத்திரை வாங்கி, வலி குறைந்ததும் நிறுத்திவிடுவார். மாத்திரை விழுங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் கிருமி ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது வகைதான் மிகுதி. பத்தில் ஒன்பது பேருக்கு இதுவே. இடுப்படியில் மாதக்கணக்கில் வலி இருக்கும். சோதித்தால் கிருமி இராது. டாம்சுலோசின் போன்ற மருந்து, வலிநிவாரணி, இடுப்புத்தசைப் பயிற்சி, வெந்நீர்த் தொட்டியில் அமர்தல் என ஆளுக்கேற்பச் சிகிச்சை மாறும். நான்காவது வகைக்கு அறிகுறியே இல்லை. பெரும்பாலும் மருந்தும் வேண்டியதில்லை.

அழற்சியின்போது இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு உயரும். அதை மட்டும் பார்த்துப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம்.

பெரியப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஊர் ஊராய் ஓடுகிறவனுக்கு இந்த நோய் என்றால் பெரியம்மா என்ன நினைப்பாள் என்பதே அவர் கவலை. கல்ச்சரில் கிருமி இல்லை, மூன்றாவது வகை. இது ஒருவரிடமிருந்து ஒட்டியதன்று என்று மருத்துவர் பெரியம்மாவின் முன்னிலையிலேயே கூறினார். வலி இன்னும் முழுமையாகப் போகவில்லை. ஆனால் இப்போது இரண்டு மணிக்கொருமுறை லாரியை ஓரங்கட்டி, இறங்கிச் சிறிது தூரம் நடந்துவிட்டுத்தான் ஏறுகிறார்.