வாசனைக்கு முன் தராசு
(வீட்டுத் தொழில் பாடம்: மெழுகுவர்த்தி செய்வதும் கைச்சோப்பு வாங்குவதும்)

 

நம் ஜெயமங்கலத்துச் சகோதரி ஒருவர் நம் அறக்கட்டளையில் 10,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் பெற்று வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்றார். வெளியூரில் ஒரு நாள் பயிற்சி எடுத்திருந்தார். பொருள் நன்றாகவே இருந்தது. மூன்று மாதத்தில் 150 மெழுகுவர்த்திகள் விற்றன. ஆனால் கடன் தவணை கட்டக் கையில் பணம் இல்லை. யாரிடமும் சொல்லாமல் தன் காதுத் தோட்டை அடகு வைத்துத் தவணையைக் கட்டினார். வட்டி கூடாது என்பதற்காக நாம் கொடுத்த கடன் அவரை வட்டிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. செய்தி தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடன் மனுவில் கையெழுத்து வாங்கிய நான், "ஒரு மெழுகுவர்த்திக்கு என்ன செலவாகிறது?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அவருடைய அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல், அந்தக் கணக்கையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். செய்து விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

மெழுகுவர்த்தி செய்யும் முறை

ஐந்து கண்ணாடி மெழுகுவர்த்திக்குத் தேவையானவை: பாரஃபின் மெழுகு 500 கிராம், மெழுகுவர்த்திக்கென்றே விற்கும் வாசனை எண்ணெய் 30 கிராம், பருத்தித் திரி 5, தடித்த கண்ணாடிக் குவளை 5. டீக்கடை கிளாஸ் போல மெல்லியது வேண்டாம், சூட்டில் வெடிக்கும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் சிறு பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்குங்கள். உருகியதும் அடுப்பை அணைத்து, சிறிது சூடு தணிந்த பின் வாசனை எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். கொதிக்கும் மெழுகில் ஊற்றினால் வாசனை காற்றோடு போய்விடும். எண்ணெயைக் கூட்டினால் வாசனை கூடும் என்று எண்ண வேண்டாம். அளவு மீறினால் எண்ணெய் மேலே கசிந்து நின்று, சுடர் பெரிதாக எரியும்.

திரியைக் குவளையின் நடுவில் நிறுத்தி ஊற்றுங்கள். பாரஃபின் ஆறும்போது சுருங்குவதால் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். அதை நிரப்ப உருகிய மெழுகில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மறுநாள் திரியைக் கால் அங்குலம் விட்டு நறுக்கினால் புகை குறையும்.

உருகிய மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ சீறி எழும். அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைத் தட்டால் மூடிவிடுங்கள். குழந்தைகள் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். இரவில் உறங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடும்படியும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வாசனை மெழுகுவர்த்தி விற்பவர்கள், "தூங்கும் முன் அணைக்கவும்" என்று லேபிளில் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி வாங்குபவரின் வீட்டைக் காக்கக்கூடும்.

விடுபட்ட கணக்கு

அந்தச் சகோதரி 5 மெழுகுவர்த்திக்குப் போட்ட கணக்கு: மெழுகு 100 ரூபாய், வாசனை எண்ணெய் 90, திரி 15. ஆக 205. ஒன்றுக்கு 41 ரூபாய். 75 ரூபாய்க்கு விற்றால் 34 ரூபாய் லாபம் என்று நம்பினார்.

விடுபட்டவை: குவளை ஒன்று 30 ரூபாய் வீதம் 150, மூடியும் லேபிளும் 40, கேஸ் 10. இவற்றையும் சேர்த்தால் 405 ரூபாய். ஒன்றுக்கு 81. அதாவது ஒவ்வொன்றையும் விற்கும்போது 6 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கிறது. 150க்கு 900 ரூபாய். ஐந்து செய்ய இரண்டரை மணி நேரம் ஆகும். அப்படிப் பார்த்தால் 75 மணி நேர உழைப்புக்குக் கூலி ஒரு ரூபாய்கூட இல்லை. விற்ற பணமெல்லாம் அடுத்த சுற்றுக் குவளைக்கும் மெழுகுக்கும் போனதால் நஷ்டம் கண்ணில் படவே இல்லை.

மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்தால் ஒன்றுக்கு 30 ரூபாய் சேரும். அடக்க விலை 111. எனவே 120க்குக் குறைத்து விற்க இயலாது. பொருள் விலை கடைக்குக் கடை மாறும். உங்கள் விலையை இட்டு இதே முறையில் கணக்குப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் குவளைதான் பெரிய செலவு, மெழுகு அதற்கு அடுத்துதான். எரிந்து தீர்ந்த குவளையை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால், கழுவி மீண்டும் நிரப்பி 90 ரூபாய்க்குக் கொடுக்கலாம். கூலியும் நிற்கும், வாங்குபவருக்கு 30 ரூபாய் மிச்சமும் ஆகும். குறைந்த செலவில் வாசனை மெழுகுவர்த்தி வேண்டுவோர் இப்படிக் கேட்டு வாங்குங்கள்.

சோப்பும் அதன் எடையும்

நம் பகுதியில் தென்னந்தோப்புகள் இருப்பதால், "தேங்காய் எண்ணெய்ச் சோப்பு செய்யலாமா?" என்று பல சகோதரிகள் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்த காலத்தில், 1914இல், கோழிக்கோட்டில் அரசே சோப்புத் தொழிலகம் தொடங்கியது. முதல் உலகப் போரில் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்பட, மைசூர் சமஸ்தானம் 1916இல் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கி, பிறகு சோப்பும் செய்தது.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து முற்றிலும் வேறு பொருளாக மாறுவதே சோப்பு. 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் மாறுவதற்குச் சுமார் 91 கிராம் காஸ்டிக் சோடா போதும். தோலுக்கு மென்மையாக இருக்கச் சிறிது எண்ணெய் மாறாமல் மிஞ்ச வேண்டும் என்பதால் 78 கிராம் அளவில் போடுவார்கள். கண் மதிப்பில் 20 கிராம் கூடிவிட்டால் அந்தச் சோப்பு தோலை அரிக்கும். கிராம் காட்டும் மின்னணுத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் சீறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். அவர்களுக்கு ஆயத்தச் சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றும் முறை போதும்.

எண்ணெயிலிருந்து செய்த சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டத்தில் காய வேண்டும். பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பை வெட்டி, கோபுரம் போல வட்டமாக அடுக்கி மாதக்கணக்கில் காய வைப்பார்கள். அலெப்போ நகரத்தாரும் அப்படியே. இந்த இரண்டு கைத்தொழில்களையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் காத்திருப்பது தண்ணீர் வற்றுவதற்காக.

இங்கேதான் ஒரு சோதனை இருக்கிறது. 100 கிராமாக வெட்டிய பச்சைச் சோப்பு காய்ந்தபின் 90 கிராமுக்கும் கீழே இறங்கலாம். வெட்டிய அன்றே "100 கிராம்" என்று லேபிள் ஒட்டி விற்றால் தண்ணீரைச் சோப்பு விலைக்கு விற்றதாகும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நாம் அறிவோம். மழை பட்டது என்று வியாபாரி சொன்னபோது, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். சோப்பின் ஈரமும் அதே ஈரம்தான். அளவில் குறைப்பவர்களைக் கண்டிக்க ஒரு சூராவே (83ஆவது, அல்முதஃப்பிஃபீன்) இறங்கியிருக்கிறது. காய்ந்தபின் நிறுத்து, அந்த எடையையே எழுதுங்கள்.

சட்டமும் உண்டு. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுவதால், விற்பனைக்குத் தயாரிக்க 1940ஆம் ஆண்டுச் சட்டம், 2020ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி உரிமம் வேண்டும். பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், விலை ஆகியவை இருக்க வேண்டும். தெரியாமல் தொடங்கிப் பிறகு அலைய வேண்டாம்.

வாங்குபவர் கவனத்துக்கு

1. விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். 75 கிராம் கைச்சோப்பு 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 1 ரூபாய் 60 காசு. 100 கிராம் கடைச் சோப்பு 45 ரூபாய் என்றால் 45 காசு. வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

2. கடைச் சோப்பின் உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும். அதுவே சோப்பில் உள்ள கொழுப்புச் சத்தின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி 76க்குக் குறையாதது முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். "குளியல் கட்டி" என்ற பெயரில் வருவதில் 40 இருந்தாலே போதும். தினசரிக் குளியலுக்கு முதல் தரக் கடைச் சோப்பு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

3. கைச்சோப்பு விரும்பினால் அட்டைப்பெட்டி இல்லாமலும், ஓரம் வெட்டிய துண்டுகளாகவும் கேளுங்கள். முழுப் பாளமாக வாங்கி நான்கு வீட்டார் பிரித்துக்கொண்டால் இன்னும் குறையும். அழுத்தினால் விரல் பதியும் சோப்பு காயவில்லை என்று அறிக. துளையுள்ள தட்டில் உலர்த்தி வைத்தால் பல நாள் கூடுதலாக வரும்.

4. எந்தக் கொழுப்பு என்று கேளுங்கள். உறையில் "டாலோவேட்" என்றிருந்தால் அது மிருகக் கொழுப்பு. அசுத்தமான கொழுப்பு சோப்பாக மாறியபின் அதன் சட்டம் என்ன என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அவர்களிடம் விளக்கம் கேளுங்கள். தாவர எண்ணெய்ச் சோப்பில் இந்தக் கேள்வியே எழாது.

5. நிறம் கூட்டும், நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். விற்கும் சகோதரிகளும் அப்படிச் சொல்லாதீர்கள்.

தொழில் செய்வோருக்கு ஒரு யோசனை. இஹ்ராம் நிலையில் நறுமணம் கூடாது என்பதால் ஹஜ், உம்ரா செல்வோர் வாசனையில்லாச் சோப்பைத் தேடி அலைகிறார்கள். வாசனை எண்ணெய்ச் செலவில்லாத சிறு கட்டிகளாகச் செய்து கொடுத்தால் நம் ஊர்ப் பயணிகளுக்கே அது பெரிய உதவி.

இனி நம் அறக்கட்டளை செய்யப்போவது

அந்தத் தோடு மீட்கப்பட்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மீதித் தவணைகளைத் தள்ளி வைத்திருக்கிறோம். இப்போது அவர் குவளையைத் திரும்பப் பெற்று நிரப்பிக் கொடுக்கிறார், கூலி நிற்கிறது.

இனி வீட்டுத் தொழிலுக்குக் கடன் கேட்பவரிடம் ஒரு பக்கச் செலவுக் கணக்கு கேட்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்களே உட்கார்ந்து எழுதித் தருவோம். அலுவலகத்தில் ஒரு மின்னணுத் தராசு வைக்கிறோம். யாரும் வந்து நிறுத்துக்கொள்ளலாம். கூடுதல் பயிற்சி வேண்டுவோருக்கு மாவட்டத்தில் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கட்டணமில்லாப் பயிற்சி உண்டு. சிறுபான்மையினருக்கான டாம்கோ கடனுக்கு மனு எழுதவும் உதவுவோம். தவணை கட்ட முடியாத மாதம் வந்தால் அடகுக்கடைக்குப் போகும் முன் எங்களிடம் வாருங்கள். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். கேட்கத் தயங்க வேண்டாம்.

நம் தராசையும் நம் சம்பாத்தியத்தையும் நேராக்கி, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்