எடப்புளி நாட்டுப் பெற்றோரே, தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள்

கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் பள்ளிக்கூடம் சரியில்லை என்றால் பெற்றோர் வாத்தியாரைக் குறை சொல்கிறார்கள். வாத்தியார் அதிகாரியைக் கைகாட்டுகிறார். அதிகாரி கோப்பைப் புரட்டுகிறார். கோப்பில் ஒன்றும் இருக்காது, யாரும் எழுதித் தந்திருக்க மாட்டார்கள். மலையில் பிள்ளைகள் இழந்ததில் பாதி இப்படிப் போனதுதான்.

அமெரிக்காவில் பல சின்ன ஊர்களுக்குக்கூடத் தனிப் பள்ளி வாரியம் இருக்கும். ஊரார் ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள், வீட்டு வரியில் ஒரு பங்கு பள்ளிக்குப் போகும். கொல்லிமலையின் 14 நாடுகளில் எதற்கும் அந்த அதிகாரம் இல்லை. ஆசிரியர் பணியிடம், சம்பளம், பாடத்திட்டம் எல்லாம் மேலே முடிவாகி வருகிறது. ஊர் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 2024-இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது 24 பேர் ஆக்கினார்கள், முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். நீங்கள் குழுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் கீழே உள்ள எல்லாம் உங்களுக்குத்தான்.

செய்ய வேண்டியவை

- பள்ளி எந்தத் துறைக்குக் கீழ் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். அதன் கட்டடம், கழிப்பறை, தண்ணீர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டத்தின் திட்ட அலுவலர். தப்பான ஆபீசில் கொடுத்த மனு சரியான ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் கல்வி ஆண்டே முடிந்துவிடும்.

- குழுக் கூட்டத்துக்குப் போனதும் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "பள்ளி வளர்ச்சி குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு எந்த ஆபீசிலும் எதையும் கேட்க முடியாது. "கூரை ஒழுகுகிறது" என்று மட்டும் எழுதினாலும் போதாது. எந்த வகுப்பறை, அதில் எத்தனை பிள்ளைகள் உட்காருகிறார்கள், எந்த மாதத்திலிருந்து ஒழுகுகிறது, யாருக்கு மனு எழுதுவது, யார் கொண்டுபோய்க் கொடுப்பது, எந்தத் தேதிக்குள் கொடுப்பது: இத்தனையும் எழுதியிருக்க வேண்டும். எழுதி முடித்ததும் கடைசி வரிக்கு நேர் கீழே, இடைவெளி விடாமல், கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவோடு தீர்மான நகலை இணையுங்கள். உங்கள் கையிலுள்ள நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் விழாமல் திரும்பி வராதீர்கள்.

- பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை இந்த மாதமே கேளுங்கள். குழுதான் அதைத் தயாரிக்க வேண்டும். அரசு தரும் மானியத்துக்கு அதுதான் அடிப்படை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. போன வருடத்துத் தாளில் தேதியை மாற்றி அனுப்பினால் போன வருடத்துக் குறைகள்தான் மேலே போகும்.

- பள்ளி மானியம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. மலையில் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் முதல் இரண்டு படிக்குள் அடங்கிவிடும். 28 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் மானியம் இரண்டரை மடங்கு ஆகும். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுத்தத்துக்குச் செலவாக வேண்டும். கழிப்பறை பூட்டிக் கிடந்தால் அந்தப் பங்கு எங்கே போனது என்று கேளுங்கள்.

- ஆகஸ்ட் 1-க்குள் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். செப்டம்பரில் கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளை அந்த வருடக் கணக்கில் வராது. ஒரு பணியிடம் கையை விட்டுப் போனால் அதைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது.

- வீட்டில் பிள்ளையை 2-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் திக்குகிறதா, சரளமாக ஓடுகிறதா என்று காதுக்குத் தெரிந்துவிடும். 2022-இல் ஏசர் என்ற கல்வி ஆய்வு எடுத்தபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களில் 3-ஆம் வகுப்பு படித்தவர்களில் 2-ஆம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தின் பாதிப்பும் அதில் உண்டு. அதைச் சரிக்கட்டத்தான் அதே வருடம் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. தேர்ச்சிப் பட்டியலை நம்பி இருந்துவிடாதீர்கள். 8-ஆம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காமல் மேலே அனுப்புகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் படிக்கத் தெரியாமலே 9-ஆம் வகுப்புக்குப் போன பிள்ளை அங்கே ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காது.

- பழங்குடிச் சாதிச் சான்றிதழைப் பிள்ளை 5-ஆம் வகுப்பு தாண்டுவதற்குள் வாங்கி வையுங்கள். அதைத் தர வேண்டியவர் கோட்டாட்சியர். 1989 நவம்பர் 11-க்குப் பிறகு வட்டாட்சியர் கொடுத்த பழங்குடிச் சான்றிதழ் செல்லாது. விசாரணை, விடுபட்ட ஆவணம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். 12-ஆம் வகுப்பு முடித்துக் கலந்தாய்வுக்கு நிற்கும்போது அலைந்தால் சீட்டு உங்களுக்காகக் காத்திருக்காது.

- ஆதாரில் உள்ள பெயரும் எழுத்தும் பள்ளிப் பதிவில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரெழுத்து மாறினாலும் உதவித்தொகை வங்கியில் ஏறாமல் போகலாம்.

- 7-ஆம் வகுப்பிலேயே தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வைப் பற்றிக் கேளுங்கள். 8-ஆம் வகுப்பில் எழுதித் தேறினால் 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 7-ஆம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், பழங்குடிப் பிள்ளைக்கு 50 போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அரசு செலவில் தங்க இடமும் சாப்பாடும் தரும் உறைவிடப் பள்ளி மாணவருக்கு இந்தத் தொகை கிடையாது. வீட்டிலிருந்து நடுநிலைப் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு உண்டு. தேறிய பிறகு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும்.

- விடுதியில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். 2023-இல் பள்ளி விடுதி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,000-லிருந்து 1,400 ரூபாய் ஆனது. சுவரில் உணவுப் பட்டியல் ஒட்டியிருக்கிறதா, அதில் உள்ளது தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

- கிராம சபையில் பள்ளியைப் பற்றி ஒரு தீர்மானமாவது போட வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் சபை கூட வேண்டும். குழுத் தீர்மானத்தோடு சபைத் தீர்மானமும் சேர்ந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

செய்யக்கூடாதவை

- வெற்றுத் தாளிலோ தொகை எழுதாத வவுச்சரிலோ கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "அப்புறம் எழுதிக்கலாம்மா" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் வைக்காதீர்கள். பின்னால் தணிக்கை வந்தால் குழுத் தலைவியாகக் கையெழுத்துப் போட்டவரைத்தான் முதலில் கேட்பார்கள். தாய்மார்கள் தலைவிகளாக வந்திருக்கும் இந்த நேரத்தில் அவர்களைப் பெயரளவுக்கு உட்கார வைத்துவிட்டு வீட்டு ஆண்கள் கூட்டத்தில் பேசுவதும் வேண்டாம். நடந்தது தலைவிக்குத் தெரியாது, பதில் மட்டும் அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

- 6-ஆம் வகுப்புக்குப் பிறகு பிள்ளையைப் பாதியில் பிடுங்கிக் கீழே தனியார் பள்ளியில் சேர்க்காதீர்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் விளம்பரம் மலைக்கும் ஏறி வருகிறது. மிளகு விற்ற பணத்தை மொத்தமாகக் கட்டி, அடுத்த வருடம் கட்ட முடியாமல் பிள்ளையைத் திரும்ப அழைத்துவந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் போனதோடு முடிவதில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இலும் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பழங்குடியினர் நலத் துறைப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிதான். பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வருவதற்கும் இந்தப் படிப்புக் கணக்குதான் அடிப்படை. இடையில் இரண்டு வருடம் தனியார் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளை இவ்வளவையும் இழக்கிறது. பள்ளியில் குறை இருந்தால் அங்கேயே இருந்து சண்டை போட்டுச் சரிசெய்யுங்கள்.

- மிளகு பறிக்கும் மாதங்களில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். பொதுத் தேர்வும் ஆண்டுத் தேர்வும் அதை ஒட்டியே வருகின்றன. வெளியூர் வேலைக்குக் குடும்பமாகப் போவதானால் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பருவகால விடுதி, போகிற ஊரில் சேர்க்கை என்று வழி இருக்கிறதா என்று அவர் பார்க்க முடியும்.

- ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் நடத்துவதைத் தலைவிதி என்று விட்டுவிடாதீர்கள். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. 20 பிள்ளைகள் இருந்தாலும் இரண்டு பேர்தான். மலைச் சுழற்சி மாறுதலில் ஒருவர் கீழே போனால் அந்த வாரமே தீர்மானம் போடுங்கள்.

- தற்காலிக ஆசிரியர் பணிக்குச் சொந்தக்காரரைத் திணிக்காதீர்கள். 2022-இல் காலியிடங்களைக் குழு வழியாக நிரப்ப அரசு அனுமதித்தது. தகுதி இல்லாதவரை வைத்தால் அந்த வருடப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீண், ஊருக்குள் பகையும் மிச்சம்.

- "சென்டர் பணம் வரலை" என்ற ஒரே பதிலோடு திரும்பாதீர்கள். மத்திய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது உண்மை. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்திடவும் புதிய கல்விக் கொள்கையை ஏற்கவும் தமிழ்நாடு மறுத்ததால் வந்த தகராறு அது, 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. அந்தச் சண்டையின் சுமையைக் கடைசியில் தாங்குவது உங்கள் பிள்ளைதான், அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் எல்லாக் குறைக்கும் அது காரணம் இல்லை. காலை உணவும் மதிய உணவும் வேறு கணக்கு. எந்தப் பணம், எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

- ஊராட்சித் தலைவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. பள்ளி மேலாண்மைக் குழு கூடுவதற்கும் தீர்மானம் போடுவதற்கும் தலைவர் தேவையில்லை.

- 10-ஆம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அந்தக் கோடையில் மாப்பிள்ளை பார்க்காதீர்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் குற்றம். பக்கத்து வீட்டில் நடக்கிறதென்று தெரிந்தால் 1098-க்குப் போன் போடுங்கள்.

- ஆசிரியர் அடித்தாலோ, பிள்ளை பயந்து பள்ளிக்குப் போக மறுத்தாலோ ஊர்ப் பேச்சில் முடித்துவிடாதீர்கள். அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது. கல்வித் துறையின் 14417 எண்ணுக்குச் சொல்லுங்கள். அதே நேரத்தில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒழுங்காக வந்து பாடம் நடத்தும் ஆசிரியரைச் சின்ன விஷயத்துக்குப் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள். அவர் மாறுதல் வாங்கிப் போனால் அடுத்தவர் எப்போது வருவார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

- பதில் வராத மனுவை மறந்துவிடாதீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள்: "இந்தத் தேதியில் கொடுத்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன முடிவு எடுத்தீர்கள்?" 30 நாளில் பதில் தர வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைத் தீர்மான நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.