‘ஆல் பாஸ்’ கணக்கில் வராத பெயர்கள்

2021 பிப்ரவரி 12. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துத் தரைமட்டமானது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் ஒரு கல்லூரி மாணவியும் இருந்தார். பதின்மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 25 அன்று, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையில் 110 விதியின் கீழ் ஓர் அறிவிப்பைப் படித்தார்: 9, 10, 11-ம் வகுப்புகளுக்குத் தேர்வு கிடையாது, எல்லோரும் தேர்ச்சி.

ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சாத்தூர், சிவகாசி பக்கத்தில் படிப்பையும் ‘வெடி ஆபீஸ்’ வேலையையும் தனித்தனியே வைத்துப் பேச முடியாது. கொரோனா காலத் தேர்வுகள் நியாயமா, அநியாயமா என்று டீக்கடைகளில் உறைந்துபோன முடிவுகளை இங்கே நின்று பார்த்தால் அவற்றின் மறுபக்கம் தெரிகிறது.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: “ஒண்ணுமே எழுதாம பாஸ் போட்டாங்க.”

2020-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 27-ல் தொடங்கியிருக்க வேண்டும். ஜூன் 1-க்குத் தள்ளிப்போனது, பிறகு ஜூன் 15-க்கு. சென்னை உயர் நீதிமன்றம் கேள்வி கேட்டதும், ஜூன் 9-ல் அரசு தேர்வை ரத்து செய்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றார்கள். ஆனால் மதிப்பெண் வானத்திலிருந்து விழவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அதாவது அந்தப் பிள்ளைகள் தேர்வு எழுதியிருந்தார்கள். அதுதான் பொதுத்தேர்வு என்று அப்போது அவர்களுக்கும் தெரியாது, திருத்திய ஆசிரியருக்கும் தெரியாது. காலாண்டுத் தாளை இறுக்கித் திருத்தி, பயமுறுத்திப் படிக்கவைப்பது பல பள்ளிகளில் வழக்கம். இறுக்கிய பள்ளியின் பிள்ளைக்குக் குறைந்தது, தாராளமாகப் போட்ட பள்ளியின் பிள்ளைக்குக் கூடியது.

வருகைப் பதிவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 2019-ல் தீபாவளி அக்டோபர் 27. காலாண்டுத் தேர்வு நடக்கும் செப்டம்பர்தான் பட்டாசுப் பகுதியில் வேலை உச்சத்தில் இருக்கும் மாதம். விடிகிற நேரத்தில் ஆலை வேன் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அம்மாவும் அப்பாவும் ஏறிவிட்டால் காய்ச்சலில் கிடக்கும் தம்பியை யார் பார்ப்பது? பத்தாம் வகுப்பு அக்காதான். அந்த நாளில் பதிவேட்டில் ஒரு ‘ஆ’ விழும். ஆப்சென்ட் என்பதற்குக் காரணம் எழுதும் கட்டம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்துப் பிள்ளைக்கும் இதே 20 சதவீதம்தான்.

“அப்படியானால் எப்பாடுபட்டாவது தேர்வை நடத்தியிருக்கணும்” என்பது இதற்கு வரும் பதில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடத்தியும் பார்த்தார்கள். 2020 மார்ச் 24 பிளஸ் டூ கடைசித் தேர்வு. அன்று மாலை 144 தடை அமலுக்கு வர இருந்தது. பஸ் கிடைக்காதவர்கள், பயந்தவர்கள், வழியிலேயே திரும்பியவர்கள் எல்லாம் சேர்த்து 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்வறைக்கு வரவில்லை. அவர்களுக்காக ஜூலை 27-ல் மறுதேர்வு வைத்தார்கள், வந்தவர்கள் சொற்பம். அதற்குள் பலர் வேறு எங்கோ போய்விட்டிருந்தார்கள்.

ஒரே கேள்வித்தாள் என்றால் ஒரே நியாயம் என்பதும் இதில் அடங்கிய நம்பிக்கைதான். 2020-ன் ‘ஏசர்’ கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கிராமப்புற மாணவர் வீடுகளில் 61.8 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2018-ல் இது 36.5. நல்ல உயர்வுதான். ஆனால் வீட்டில் போன் இருப்பது வேறு, பகல் பத்து மணிக்கு அது பிள்ளையின் கையில் இருப்பது வேறு. அப்பாவின் சட்டைப்பையில் வேனேறிப் போன போனில் ஆன்லைன் வகுப்பு நடக்காது. கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்துவிட்டிருந்தது கொஞ்சம் கைகொடுத்தது. ஆனால் அதனிடம் சந்தேகம் கேட்க முடியாது.

அடுத்தது, “2021 பிளஸ் டூ மார்க் சும்மா போட்டது.” சும்மா இல்லை. அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் ஜூன் 5-ல் தேர்வை ரத்து செய்த பின் ஒரு சூத்திரம் வந்தது: பத்தாம் வகுப்பில் அதிகம் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30.

கணக்குக்காக ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். 2019-ல் பத்தாம் வகுப்பில் தமிழ் 92, சமூக அறிவியல் 90, அறிவியல் 84, கணிதம் 60. முதல் மூன்றின் சராசரி 88.67, அதில் பாதி 44.33. பிளஸ் ஒன் கணிதத்தில் 90-க்கு 45, அது 20-க்கு 10 ஆகிறது. கணிதத்துக்குச் செய்முறை கிடையாது. 10 மதிப்பெண் அகமதிப்பீட்டை 30 ஆக்குவார்கள், பெரும்பாலும் முழுசாகக் கிடைக்கும். கூட்டினால் 84.33. இந்த 84-ல் பாதிக்கு மேல் தந்தவை தமிழும் சமூக அறிவியலும் அறிவியலும். அவள் பத்தாம் வகுப்பில் எழுதிய கணிதம் அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. பொறியியல் தரவரிசையோ கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் வைத்துத்தான் போடப்படுகிறது. இதற்கு எதிர்ப்பக்கம் நின்றவர் பத்தாவதில் சுமாராக இருந்து பிளஸ் டூவில் உயிரைக் கொடுத்துப் படித்தவர். அந்தப் படிப்பைக் காட்ட அவருக்கு எழுத்துத் தேர்வே இல்லை. மதிப்பெண் போதவில்லை என்றால் பிறகு தேர்வு எழுதலாம் என்று ஒரு வாசல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இருந்தாலும் மற்ற ஊர்க் கதைகளைப் பார்த்தால் தமிழ்நாட்டுச் சூத்திரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இங்கிலாந்தில் 2020 ஆகஸ்ட் 13-ல் வந்த பள்ளியிறுதி ‘ஏ லெவல்’ முடிவுகளில், பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாற்றையும் சேர்த்துக் கணினி கணக்குப் போட்டதால், ஆசிரியர்கள் மதிப்பிட்ட கிரேடுகளில் 40 சதவீதம் அளவுக்குக் குறைந்துபோயின. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கியது. 2021-ல் நம் சிபிஎஸ்இ-யும் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னது. தமிழ்நாடு அதைச் செய்யவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவியின் மதிப்பெண்ணை, அவளுக்கு மூன்று வருடம் முன்பு அங்கே படித்தவர்கள் தீர்மானிக்கவில்லை. 

“எல்லாருக்கும்தானே ஆல் பாஸ்” என்பதும் தப்பு. பள்ளியில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். தனித்தேர்வர்கள் 2020 செப்டம்பரில் பத்தாம் வகுப்புத் தேர்வையும் 2021 ஆகஸ்டில் பிளஸ் டூ தேர்வையும் முகக்கவசம் கட்டிக்கொண்டு எழுதினார்கள். யார் இந்தத் தனித்தேர்வர்கள்? முன்பு தவறியவர்கள், பாதியில் வேலைக்குப் போனவர்கள், தீப்பெட்டி ஆபீஸில் இருந்துகொண்டே ஒரு பாடத்தை முடித்துவிடத் துடித்தவர்கள். தொற்று அவர்களுக்கு மட்டும் குறைவாகத் தொற்றும் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியாக அந்தப் பட்டப்பெயர்: “கொரோனா பேட்ச்.” உருப்படாது என்ற அர்த்தத்தில் சொல்வார்கள். 2022 மே மாதம் பிளஸ் டூ எழுதியவர்களுக்கு 2020-ல் பத்தாவது தேர்வு ரத்து, 2021-ல் பிளஸ் ஒன் ஆல் பாஸ். வாழ்க்கையில் அவர்கள் எழுதிய முதல் பொதுத்தேர்வே அதுதான். மாநிலத் தேர்ச்சி 93.76 சதவீதம்; விருதுநகர் மாவட்டம் 97.27. பாடம் குறைக்கப்பட்டிருந்தது உண்மை, ஆனாலும் தேறாத கூட்டம் எடுக்கிற எண் இல்லை இது. அடுத்த வருடம் விருதுநகர் 97.85 சதவீதத்துடன் மாநிலத்திலேயே முதலிடம். இந்த மாவட்டத்துக்கு அது புதிதுமில்லை. ஒரு காலத்தில் முதலிடம் தவறினால்தான் இங்கே செய்தியாக இருந்தது.

அந்தச் சதவீதம் தேர்வு எழுதியவர்களுக்குள் எடுத்தது. 2023 மார்ச் 13 அன்று, மாநிலம் முழுக்க, பிளஸ் டூ மொழித்தாளுக்கு 50 ஆயிரம் பேர் வரவில்லை. ஹால் டிக்கெட் இருந்தது, நாற்காலியில் எண் ஒட்டியிருந்தது, ஆள் இல்லை. 2021 பிப்ரவரி அறிவிப்பில் பத்தாவது தேறிய அணி இதுதான். பள்ளிக்கு வருவதை எப்போதோ நிறுத்தியவர்களும் பட்டியலில் தொடர்ந்தார்கள் என்று பள்ளிக்கல்வி அமைச்சரே விளக்க வேண்டி வந்தது. ஆல் பாஸ் யாரையும் பள்ளியை விட்டு விரட்டவில்லை. ஆனால் வெளியே போனவர்களை உள்ளே இருப்பவர்களாக இரண்டு வருடம் காட்டியது.

2021-ல் பத்தாவது முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். பிறந்த தேதி மட்டும் வழக்கம்போல அச்சாகியிருக்கும். வெடிபொருள் வேலைக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2021-ல் பதினைந்து வயதில் அந்தத் தாளை வாங்கியவருக்கு 2024-ல் பதினெட்டு ஆனது.