ஜெர்மனியில் இன்ஜினீயர் வேலையா?

விண்ணப்பங்களை அள்ளி வீசுமுன் பட்டத்தைச் சரிபாருங்கள். நேர்காணலில் தேறிய பலர் விசாவில்தான் மாட்டுகிறார்கள். ‘அனபின்’ என்ற அரசுத் தரவுத்தளத்தில், பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரத்தைக் குறிக்கும் ‘எச் பிளஸ்’ என்றிருந்து, உங்கள் பட்டமும் நிகரானதாகக் காட்டப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அச்சிட்டு வையுங்கள். விசா மனுவோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ‘இசட்.ஏ.பி.’ அமைப்பிடம் மதிப்பீட்டுச் சான்று கேளுங்கள். ‘இன்ஜினீயர்’ என்ற பெயருக்கே அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டே, தனி உரிமம் வேண்டாமா என்று கேட்கலாம். பெயருக்கு முன் அதைப் போட்டுக்கொள்ளத்தான் அந்த அனுமதி. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கப் பொதுவாகத் தேவையில்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

மென்பொருளுக்கு ஆங்கிலம் போதும் என்பது ஓரளவு உண்மை. கட்டுமானம், மெக்கானிக்கல்காரர்கள் அதை நம்பாமல் பி2 நிலை வரை ஜெர்மன் படியுங்கள். சைட்டில் மேஸ்திரியும் வரைபடக் குறிப்பும் ஜெர்மன்தான் பேசும். நேரில் போய் வேலை தேட 2024 ஜூன் முதல் ‘வாய்ப்பு அட்டை’ என்ற அனுமதி இருக்கிறது. ஓராண்டு தங்கலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். ஆனால் சேமிப்பைக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள். தங்கும் காலச் செலவுக்கு முன்கூட்டியே பணம் காட்டச் சொல்வார்கள்.